இடது தோளுக்கு அரை விரற்கடை

நேரான தோளுக்குக் காஞ்சிபுரத்தில் விலை நானூற்றைம்பது ரூபாய். லைனிங் தனி. முகூர்த்த மாதத்தில் அவசரம் என்று வந்து நின்றால் மேலே நூறு. படைத்தவன் கைப்பிசகாக ஏற்றி இறக்கி அனுப்பிய எந்தத் தோளையும் அந்த விலைக்குச் சரிபண்ணித் தர, காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் காந்தா இருந்தாள்.

கடை என்று சொன்னால் கடை கோபித்துக்கொள்ளும். இரண்டு மிஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, வாடிக்கைக்காரர் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். நாற்பதாயிரம் கொடுத்துப் பட்டுப்புடவை எடுத்துவிட்டு நேராக இங்கே வருகிறவர்கள், ஜாக்கெட் கூலியில் ஐம்பது ரூபாயைக் குறைக்க அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பார்கள். காந்தா அசைய மாட்டாள். "பொடவையை ஒரு நாள் பார்ப்பாங்க, தோளை ஆல்பத்துல ஆயுசுக்கும் பார்ப்பாங்க" என்பாள். கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு பர்ஸைத் திறப்பார்கள்.

அவள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது. ஒருவருக்கு வலது தோள் ஏறியிருக்கும், இன்னொருவருக்கு முதுகு ஒரு பக்கம் புடைத்திருக்கும். கண் பார்க்கும், கை அதற்குத் தகுந்தாற்போல் வெட்டும், வாய் மட்டும் பழியைத் துணியின் மேல் போடும்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து வரும் கமலாட்சி ஒரு முறை கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் நான்கு தறி ஓடுகிற நெசவுக் குடும்பம்.

"இன்னா காந்தா, ஒரு பக்கம் தூக்கின மாதிரி இருக்குது?"

"துணிம்மா. பீஸ்ல ஜரிகை இந்தப் பக்கம் கனமா வந்துடுச்சு, அது இழுக்குது."

"எங்க தறித் துணி இழுக்குமா?"

"உங்க தறின்றதாலதான் இவ்ளோ கம்மியா இழுக்குது. வேற தறியா இருந்தா இந்நேரம் காதுல வந்து முட்டிக்கினு இருக்கும். நாளைக்கு வாங்க."

கமலாட்சி சிரித்துக்கொண்டே போனாள். மறுநாள் இடது தோளுக்குள் மெலிதாக ஒரு பஞ்சுப் பேட் ஏறியது, ஜாக்கெட் நேரானது, துணியின் மேல் பழி நின்றது. துணி மானநஷ்ட வழக்குப் போடாது.

ஊருக்கு விற்கிற சரக்கை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் இருந்திருந்தால் காந்தாவுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. தன் மகள் பிரவீனாவுக்கும் அதே சரக்கைத்தான் உடுத்திவிட்டாள்.

பிரவீனா ஒன்பதாம் வகுப்பு. மகளுக்கென்று காந்தா டேப் வைத்து அளந்ததே கிடையாது. நடந்து போகிறவளை ஒரு பார்வை பார்ப்பாள், வெட்டுவாள், பொருந்தும். ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை சமயத்தில் சீருடையின் வலது பக்கம் மேலே ஏறித் தெரிந்தது. "பாலியஸ்டர், தண்ணி பட்டா சுருங்குது" என்று பிரித்து இறக்கினாள். எட்டாம் வகுப்புக்குத் தைத்த ஓவர்கோட்டில் இடது தோள் தொய்ந்தது. உள்ளே அரை விரற்கடைக்கு ஒரு பேட் வைத்தாள். அந்த வருஷமே இன்னொரு முறை பிரிக்க வேண்டி வந்தபோது, கடைக்காரன் மட்டத் துணி கொடுத்துவிட்டான் என்று அவனிடம் சண்டைக்கே போனாள்.

"நீ தைக்கிறதுதான்மா ஒரு பக்கமா போவுது" என்று பிரவீனா கிண்டல் செய்வாள்.

"என் தையலை நொட்டை சொல்ற அளவுக்கு வளந்துட்டியா? பையை ஒரே தோள்ல மாட்டிக்கினு ஆடிக்கினு போனா துணி இன்னா பண்ணும்?"

பொய்யைப் பழகிய வாய்க்கு அது பொய் என்பதே மறந்துபோயிருந்தது. மகளின் முதுகைக் காந்தா தினமும் பார்த்தாள். பார்த்தது துணியை.

பிரவீனா எட்டாம் வகுப்பில் இருந்தபோது, ஜூலை மாதத்தில், ஏனாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து பிசியோதெரபி படிக்கும் பெண்கள் பள்ளிக்கு வந்தார்கள். வளர்கிற வயசுப் பிள்ளைகளுக்கு முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கும் முகாம். ஊசி கிடையாது, எக்ஸ்ரே கிடையாது, ஆளைத் தொடக்கூட மாட்டார்கள். ஸ்டாண்டில் செல்போனை நிறுத்தி, பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து ஒரு படம். திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழும். தோள் கோட்டில் நிற்கிறதா, இடுப்பு கோட்டில் நிற்கிறதா என்று அது சொல்லும். வராந்தா தெருவைப் பார்த்து இருந்ததால், ஓவர்கோட்டைக் கழற்ற வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பிரவீனாவின் தோள்கள் கோட்டின் மேல் நூல் பிடித்தாற்போல் நின்றன. அட்டையில் 'இயல்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள். காந்தா அதை வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் காட்டினாள். மிஷினே சொல்லிவிட்டது.

இந்த வருஷம் அவர்கள் மறுபடி வந்த அன்று, மதியம் பி.டி. டீச்சர் கலையரசி போன் செய்தார்.

"காந்தா, ஒரு நடை ஸ்கூலுக்கு வந்துட்டுப் போங்க. பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்ற சொல்லைக் கேட்டு இதுவரை யார் பயப்படாமல் இருந்திருக்கிறார்கள்? காந்தா கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

இந்த முறை வராந்தாவில் இல்லை. ஒரு வகுப்பறையை ஒதுக்கி, ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, பெண்கள் மட்டும் இருந்தார்கள். பின்பக்கம் திறந்து முன்பக்கம் மூடிய ஒரு தொளதொள அங்கியில் பிரவீனா நின்றாள். பக்கத்தில் சிம்ரன். போன வருஷம் மாணவியாக வந்தவள், இப்போது படிப்பை முடித்து வேலைக்கே வந்திருக்கிறாள். இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம்.

"பிரவீனா, ரெண்டு உள்ளங்கையையும் சேத்துக்கோ. முட்டி மடக்காம மெதுவா குனி" என்றாள் சிம்ரன்.

மகள் குனிந்தாள். முதுகின் இடப்பக்கம் தட்டையாகக் கிடக்க, வலப்பக்கம் மட்டும் பாய்க்கு அடியில் எதையோ ஒளித்து வைத்தாற்போல் மேடாக எழுந்தது. நிற்கும்போது தெரியாதது, குனிந்ததும் தெரிந்தது. கொத்தனார் வைக்கும் ரசமட்டம்போல் ஒரு சின்னக் கருவியைச் சிம்ரன் அந்த முதுகின் மேல் குறுக்காக வைத்தாள். வளைந்த குழாய்க்குள் ஒரு சின்னக் குண்டு. அது உருண்டு போய் ஓரிடத்தில் நின்றது.

"எவ்ளோ காட்டுது?" என்றாள் காந்தா.

"பதினொண்ணுக்கா."

"எவ்ளோ இருக்கலாம்?"

"அஞ்சு வரைக்கும் ஒண்ணுமில்ல. ஏழைத் தாண்டினா டாக்டருக்கு அனுப்பணும்."

"சரி, ஆறுன்னு போடு."

"அக்கா..."

"ஆறரை. நான் ஏறி வரேன்ல, நீயும் கொஞ்சம் எறங்கி வா. கொழந்த இப்பதான் சாப்பிட்டுட்டு வந்திருக்குது, மூச்சு முட்டுது."

"எறங்க முடியாதுக்கா. இன்னொரு வாட்டி வெக்கறேன், நீங்களே பாருங்க."

மறுபடி வைத்தாள். குண்டு உருண்டது. அதே பதினொன்றில் போய் உட்கார்ந்தது. காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்து, தன் பேரத்துக்கு மசியாத ஒரு ஆளைக் காந்தா அன்றுதான் பார்த்தாள்.

"நான் நிமிரலாமா?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டாள் பிரவீனா. ஒருவருக்கும் அவள் ஞாபகம் இல்லை.

"பை தூக்கறதால வந்ததா?" என்றார் கலையரசி.

"இல்ல மேம். வளர்ற வயசுல சில பேருக்கு முதுகெலும்பு பக்கவாட்டுல வளையும், கூடவே முறுக்கிக்கும். ஏன்னு யாருக்கும் சரியா தெரியாது. சீக்கிரம் கண்டுபிடிச்சா பெல்ட்டு போட்டு மேல போவாம நிறுத்தப் பார்க்கலாம். அதுக்குத்தான் இந்த வயசுல பார்க்கறது."

"சீக்கிரம் கண்டுபிடிச்சாவா? போன வருஷம் நார்மல்னு அட்டை குடுத்தீங்களே!" என்றார் கலையரசி.

சிம்ரனின் முகம் சிறுத்துப்போனது. லேப்டாப்பைத் திறந்து போன வருஷத்துப் படத்தைத் தேடி எடுத்தாள். கோடுகளுக்கு நடுவே பிரவீனாவின் முதுகு, கச்சிதமான ஓவர்கோட்டில்.

"நான்தான் மேம் எடுத்தேன். இதுல எல்லாம் லெவலாதான் இருக்குது. எப்படி விட்டேன்னே தெரியல."

காந்தாவுக்குக் கோபத்தை இறக்கிவைக்க ஒரு இடம் தேவைப்பட்டது. அது எதிரிலேயே நின்றது.

"கண்ணை மூடிக்கினு எடுத்தியா? எங்க சந்துல இருக்கற கொழந்த எடுத்தாகூட ஒழுங்கா எடுக்கும். உங்களை நம்பித்தானேமா விட்டோம்? என் பொண்ணு முதுகு உனக்குப் படிச்சுப் பழகற சிலேட்டா?"

காந்தா திட்டிக்கொண்டே பெஞ்சின் மேல் கிடந்த மகளின் ஓவர்கோட்டை எடுத்தாள். எந்தத் துணி கையில் கிடைத்தாலும் தையல்காரர் செய்வதைத்தான் செய்தாள். தோளோடு தோள் சேர்த்து, ஓரத்தோடு ஓரம் வைத்து, நடுவில் மடித்தாள்.

சேரவில்லை.

உதறி மறுபடி மடித்தாள். இடது தோள் ஒன்றரை விரற்கடை தடித்து உயர்ந்து நின்றது. வலது ஓரம் அதே அளவுக்குக் கீழே நீண்டு தொங்கியது. நேரான முதுகுக்கு இதைப் போட்டுவிட்டால் ஆள் நொண்டி என்று நினைப்பார்கள். போன வருஷம் அந்தப் பெண் படம் எடுத்தது பிரவீனாவின் முதுகை அல்ல, காந்தாவின் கைவேலையை.

வசவு பாதியில் நின்றது. ஓவர்கோட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள்.

"நீங்க ஒரு புகார் எழுதிக் குடுங்க, நான் ஹெச்.எம். மூலமா காலேஜுக்கு அனுப்பறேன்" என்றார் கலையரசி. அவரே எழுதிக் கொடுக்கவும் செய்தார். சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று காந்தாவுக்குத் தெரியும். சிம்ரன் தன் வேலை போய்விடுமோ என்று போர்வை கட்டிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காந்தா கையெழுத்துப் போட்டாள்.

சென்னை அரசு மருத்துவமனைக்கு மூன்று பேரும் போனார்கள். கணவன் ராமராஜன் ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். பேருந்தில் ஏறியதிலிருந்து சிம்ரனையும் அவள் படித்த கல்லூரியையும் விடாமல் திட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வசவும் எங்கே வந்து விழுகிறது என்று அவனுக்குத் தெரியாது.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, டாக்டர் இரண்டு கோடு போட்டார், அளந்தார்.

"முப்பத்துநாலு டிகிரி. ஸ்கூல்ல அளந்தது முதுகு மேட்டோட சாய்வு, இது எலும்போட வளைவு." பிறகு பள்ளி அட்டையைப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரேயை. மறுபடி அட்டையை. "போன வருஷம் இயல்புன்னு இருக்குது. ஒரே வருஷத்துல முப்பத்துநாலுன்னா இது ரொம்ப வேகம். உள்ள நரம்புல கட்டி கிட்டி ஏதாச்சும் இருக்குதான்னு பார்க்கணும். இந்த வேகத்துக்குப் பெல்ட்டு தாங்கறது சந்தேகம். ஆபரேஷன் பத்தியும் நாம பேசிதான் ஆவணும்."

பிரவீனா நாற்காலியின் விளிம்பைப் பிடித்தாள்.

"கம்பி வெப்பாங்களா சார்?"

"அவசரப்படாதம்மா. முதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும்." டாக்டர் பெற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நிஜமாவே போன வருஷம் ஒண்ணும் இல்லையா? தோள் ஏறி இறங்கி இருக்கறது, துணி ஒரு பக்கம் தூக்கறது, எதுவும் கண்ணுல படல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சாதான் எவ்ளோ வேகமா போவுதுன்னு தெரியும்."

"ஒண்ணுமே இல்ல சார்" என்றான் ராமராஜன், அடித்துச் சொல்லும் குரலில். "இவ டெய்லர் சார். காஞ்சிபுரத்துல கேட்டுப் பாருங்க. நூலளவு கோணல் இருந்தாலும் இவ கண்ணுக்குத் தப்பாது."

ஆயுசில் முதல் முறையாக அவன் அவள் தொழிலை நாலு பேர் முன்னால் புகழ்ந்தான். காந்தாவுக்கு அது கன்னத்தில் விழுந்தாற்போல் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பெயர் நிற்கும். மகளைக் கத்திக்குக் கொடுத்துவிட்டு வைத்துக்கொள்கிற பெயர்.

"இருந்துச்சு சார்" என்றாள்.

"இன்னா காந்தா?"

"நீ சும்மா இருய்யா. இருந்துச்சு சார். ஏழாவது முழுப் பரீட்சை அப்போ வலது பக்கம் சட்டை ஏறிச்சு. அரை விரக்கடை இறக்கினேன். எட்டாவது ஆரம்பத்துல இடது தோளுக்கு அரை விரக்கடை பேட் வெச்சேன். அந்த வருஷம் தை மாசத்துல பிரிச்சு ஒரு விரக்கடை ஆக்கினேன். இந்த வருஷம் ஒன்பதாவதுக்கு ஒன்றரை." சொல்லும்போதே அவள் கை தன் இடது தோளைத் தொட்டுத் தொட்டுக் காட்டியது. "போன வருஷம் அந்த அரை விரக்கடை பேடைப் போட்டுக்கினுதான் சார் படம் எடுத்தாங்க. அந்த அட்டை செல்லாது."

டாக்டர் திட்டவில்லை. பேனாவை எடுத்து, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவள் சொல்லச் சொல்லக் கேஸ் சீட்டில் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் காந்தாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அப்போ இது ஏழாவதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்குது. மெதுவாத்தான் ஏறியிருக்குது. இப்போ கணக்கு வேற. எதுக்கும் ஸ்கேன் ஒண்ணு பார்த்துடுவோம். அது சரியா இருந்தா பெல்ட்டு போட்டுப் பார்க்கலாம். இன்னும் வளர்ச்சி பாக்கி இருக்குது, அதனால பெல்ட்டுக்கு வேலை இருக்குது. பிளாஸ்டிக்ல கூடு மாதிரி இருக்கும். குளிக்கற நேரம் போக நாள் பூரா போட்டிருக்கணும். நிக்கும்னு உத்தரவாதம் குடுக்க மாட்டேன்."

"போன வருஷமே வந்திருந்தா எவ்ளோ இருந்திருக்கும் சார்?" என்றாள் காந்தா.

"அதைக் கேட்டு இன்னா பண்ணப் போறீங்க?"

"சொல்லுங்க சார்."

"இருபத்திரண்டு இருந்திருக்கலாம். உத்தேசம்தான். அப்பவே பெல்ட்டு போட்டிருந்தா நின்னே இருக்கும்னும் சொல்ல முடியாது. வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்."

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்றைக்கே பெல்ட்டுக்கு அளவு எடுத்தார்கள். இந்த முறை அளவை வேறு ஒருவர் எடுத்தார். காந்தா சுவரோரமாக நின்றாள்.

டாக்டரிடம் காந்தா சொன்ன அன்று, திரும்பும் பேருந்தில் ராமராஜன் முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டான். பிரவீனா ஜன்னலோரம்.

"அப்போ உனக்குத் தெரியும்" என்றாள், வெளியே பார்த்தபடி.

"தெரியாதுடா. துணின்னு நெனச்சேன்."

"ஏழாவதுலேருந்தா?"

"எல்லாருக்கும் துணின்னு சொல்லிச் சொல்லி..."

"நான் எல்லாருமா?"



பேருந்து ராஜகுளம் தாண்டும்போது காந்தா கலையரசி டீச்சருக்குப் போன் செய்தாள். பக்கத்தில் மகள் கேட்கும்படி உரக்கவே பேசினாள்.

"டீச்சர், அந்தப் புகாரைக் கிழிச்சுப் போட்டுடுங்க. அந்தப் பொண்ணு சரியாத்தான் எடுத்துச்சு. நான் தெச்சு வெச்சிருந்ததை எடுத்துச்சு. அது கிட்ட நானே வந்து சொல்றேன்... இல்ல டீச்சர், யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல... ஆமா, எனக்குத் தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். ஏதாவது தள்ளுபடி கிடைக்குமா என்று பார்க்கிற பார்வை. வியாபாரத்தில் பிறந்தவர்களுக்கு அந்தப் பார்வை அவ்வளவு சீக்கிரம் போகாது.

"அந்தப் பெல்ட்டு மேல போட சட்டை பெருசா வேணும்ல?" என்றாள் காந்தா. "நாளைக்கே வெட்டிடறேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவா வெட்டறேன்."

"வேணாம். ரெடிமேட்ல வாங்கிக்கறேன்."

"ரெடிமேட் உனக்கு ஒழுங்கா நிக்காதுடி."

"நிக்க வேணாம். எப்படி இருக்குதோ அப்படியே தெரியட்டும்."

அப்படியேதான் நடந்தது. மகளிர் பள்ளியில் பிளாஸ்டிக் கூட்டின் மேல் எக்ஸ்எல் சட்டை போட்டு, 'ரோபோ' என்று பெயர் வாங்கி, முதல் மாதம் அழுது, இரண்டாம் மாதம் அந்தப் பெயரை வைத்தவளையே கூட்டில் ஒரு குத்துக் குத்தச் சொல்லி அவள் கையை வலிக்க வைத்து, பிரவீனா ஆறு மாதம் போட்டாள். தினமும் காலையில் கூட்டின் பட்டையை இழுத்துக் கட்டக் காந்தாவைக் கூப்பிடுவாள். திரும்பி நிற்பாள். காந்தா இழுத்துக் கட்டுவாள். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

ஜனவரியில் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் கோடு போட்டு அளந்தார். முப்பத்தைந்து.

"ஒண்ணு கூடியிருக்குதே சார்!"

"அது அளக்கறதுல வர்ற வித்தியாசம்மா. ஒண்ணு ரெண்டை நாங்க கணக்குலயே சேக்க மாட்டோம். இப்போதைக்கு நிக்குது. வளர்ச்சி முடியற வரைக்கும் போடட்டும், அப்புறம் சொல்றேன்."

பிரவீனா அப்பாவிடம் எக்ஸ்ரே உறையைக் கொடுத்துவிட்டு, கூடு மாட்டிக்கொள்ளத் திரைக்குப் பின்னால் போனாள். பட்டையைக் கட்ட அங்கே ஒரு நர்ஸ் இருந்தார். அம்மாவைக் கூப்பிடவில்லை.

வெளியே நின்ற காந்தா மனசுக்குள் கணக்கை முடித்துப் பார்த்தாள். மொத்தம் முப்பத்தைந்து. அதில் ஒன்றை டாக்டர் தள்ளிவிட்டார். இருபத்திரண்டு போன வருஷத்துக்குள் தானாக வந்தது, அதற்கு ஆள் கிடையாது. மீதி பன்னிரண்டு. ஆறு மாதத்துக்கு முன்னால் அதைச் சிம்ரன் பேரில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். இப்போது அது காந்தா பேரில். வரவு ஒன்றும் இல்லை. பாக்கி, பன்னிரண்டு டிகிரி.